பாட்டைப் போடுங்கள், பெயரையும் சொல்லுங்கள்



1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகர் தன் சொந்தப் பிள்ளையான காமராஜரைத் தோற்கடித்தது. வென்றவர் பெ. சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர். வாக்கு வித்தியாசம் 1,285. அரிசிப் பஞ்சமும் அந்தத் தோல்வியில் சேர்ந்துகொண்டது என்றாலும், இந்தித் திணிப்பு வேண்டாம் என்ற குரலுக்குக் கிடைத்த வெற்றியாகத்தான் அதை இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள்.

இரண்டே ஆண்டு கழித்து ‘ஆராதனா’ வந்தது. டப்பிங் இல்லை, விளக்கம் இல்லை. இந்தியிலேயே தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மாதக்கணக்கில் ஓடியது. ஊர்வலத்தில் கோஷம் போட்ட அதே தலைமுறைதான் எஸ்.டி. பர்மன் மெட்டையும் கிஷோர் குமார் குரலையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தெருவில் நடந்தது. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் ஒரு மொழியைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்வதற்கும், பிடித்துப்போன பாட்டை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பதற்கும் சண்டையே கிடையாது. முதலாவது உரிமை, இரண்டாவது ஆசை. நம் மக்களுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

அந்தப் பழைய இந்திப் பாட்டுகள்தான் இப்போது புது வேஷம் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. கல்யாண வரவேற்பில், கல்லூரி ஆண்டு விழாவில், கோயில் கொடைக்குப் போகும் வேனில், டிரம்ஸும் பேஸும் அதிர, அறுபது எழுபதுகளின் மெட்டுகள் ஆடவைக்கின்றன. இந்த இதழ் முழுக்க அந்த ரீமிக்ஸ் பாட்டுகளைப் பற்றித்தான். ‘நம்ம பக்கத்துப் பத்திரிகைக்கு இது எதற்கு?’ என்று கேட்கப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் பகுதிக்கும் இந்திப் பாட்டுக்கும் உள்ள உறவு, சினிமாக் கொட்டகைக்கு முன்னால் வானொலியில் தொடங்கியது. 1950களில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கிவைத்தது. அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. 1952 முதல் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் குரலில் ‘பினாகா கீத்மாலா’. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இலங்கை என்பது பக்கத்து வீடு. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் தமிழைக் கேட்கத் திருப்பிய அதே குமிழைக் கொஞ்சம் தள்ளினால் இந்திப் பாட்டு. 1957-இல் விவித பாரதி வந்த பிறகுதான் டெல்லி தன் பிடிவாதத்தைத் தளர்த்தியது. அதற்குள் இங்கே காது பழகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. சிவகாசியின் பிழைப்பே வடக்கத்திய தீபாவளியை நம்பி நிற்கிறது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில் உருட்டிக் கட்டியதுதான். நாம் புஸ்வாணம் என்பதை லேபிளில் ‘அனார்’ என்று அச்சடிக்க வேண்டும், சரவெடி விற்ற காலத்தில் அதை ‘லடி’ என்று சொன்னால்தான் டெல்லி வியாபாரிக்குப் புரிந்தது. பெட்டி மூடியில் அந்தந்தக் காலத்து பம்பாய் நடிகைகளின் சாயலில் ஒரு முகம் சிரிக்கும். ஆர்டர் பிடிக்க வருகிறவர்கள், சரக்கு ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் என்று எல்லோரும் ஒரு பாட்டைக் கூடவே கொண்டுவந்தார்கள். தீப்பெட்டித் தொழிலையும் அப்படித்தானே கொண்டுவந்தோம்? 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததில்தான் இந்த ஊரின் கதை ஆரம்பமாகிறது. 1939-இல் அதே கல்கத்தாவில் பிறந்த ராகுல் தேவ் பர்மன், பின்னாளில் நம் வீட்டு டேப்ரிக்கார்டருக்குள் வந்து உட்கார்ந்தார்.

பாட்டு எங்கே கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாசு ஆபீஸுக்குள் பாட்டு கிடையாது. மருந்து அறையில் மின்சாரமே இல்லை. பகல் வெளிச்சம் இருக்கிறவரைதான் வேலை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பருத்தித் துணி உடுத்தி, ரப்பர் விரிப்பில் உட்கார்ந்து, மருந்து செலுத்துகிற அறையில் கேட்பதெல்லாம் பக்கத்து ஆளின் மூச்சும் தூரத்து மயில் அகவலும்தான். ஆகவே வெம்பக்கோட்டையிலிருந்தும் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் ஆட்களை ஏற்றி இறக்கும் ஆபீஸ் பஸ்தான் இந்த மக்களின் இசை அரங்கம். காலையில் முருகன் பாட்டு, சாயங்காலம் ஆட்டப் பாட்டு. எட்டு மணி நேரம் சத்தமில்லாமல் கழித்தவர்களுக்கு, திரும்பும் வழியில் டிரம்ஸ் அதிரும் ரீமிக்ஸ் என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘இது சங்கீதமே இல்லை, வெறும் இரைச்சல்’ என்று வீட்டு ஹாலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறி வந்து பார்க்க வேண்டும்.

மெட்டை எடுத்து மறுபடி உடுத்துவது நமக்குப் புதிதே அல்ல. நாடக மேடைக் காலத்தில் பார்சிக் கம்பெனிகளின் மெட்டுகள் தமிழுக்கு வந்து குடியேறின. கேட்டுப் பழகிய மெட்டில் புதுச் சொற்களைப் போட்டுப் பாடுவது அப்போது மேடையில் வழக்கம். 1886-இல் சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாத தாஸ், புராண நாடகத்தின் நடுவே தேசப் பாட்டைப் பாடிச் சிறைக்குப் போனவர். முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்தபடி, 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார். கதையை நிறுத்திவிட்டு இடையில் ஒரு பாட்டைப் புகுத்தி, கூட்டத்தை எழுந்து நிற்கவைக்கிற வித்தையில் இந்த ஊர்க்காரர் ஒருவர் கரை கண்டவர் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

சினிமா வந்ததும் படமே ஊர்விட்டு ஊர் வந்தது. ‘ஆராதனா’ 1974-இல் சிவாஜியின் ‘சிவகாமியின் செல்வன்’ ஆனது. 1973-இல் வந்த ‘யாதோன் கி பாராத்’, 1975-இல் எம்.ஜி.ஆரின் ‘நாளை நமதே’ ஆனது. அமிதாப் பச்சனின் ‘டான்’ (1978) ரஜினியின் ‘பில்லா’ (1980) ஆனது. மூன்றுக்கும் தமிழில் இசை எம்.எஸ். விஸ்வநாதன். இந்தியில் பர்மன்களும் கல்யாண்ஜி - ஆனந்த்ஜியும் போட்டுவைத்த சூழலுக்கு அவர் தம் மெட்டைப் போட்டார். ‘டான்’ படத்தில் பனாரஸ் பீடா மென்று ஆடுகிற இடத்தில் ‘பில்லா’வில் வெற்றிலை மென்று ஆடுவார்கள். ஆட்டம் ஒன்று, மண் வேறு. 2006-இல் ஷாருக் கான் ‘டான்’ ஆக வந்தபோது பழைய பாட்டுகளை சங்கர் - எஹ்சான் - லாய் புதுப்பித்தார்கள். அடுத்த ஆண்டே அஜித் ‘பில்லா’ ஆக வந்தபோது எம்.எஸ்.வி.யின் பாட்டுகளை யுவன் சங்கர் ராஜா புதுப்பித்தார்.

தமிழில் ரீமிக்ஸ் அலை அடித்ததும் அந்த 2007-இல்தான். அதற்கு முன்பே ‘குறும்பு’ (2003) படத்தில் யுவன், தம் தந்தை இளையராஜா ‘அடுத்த வாரிசு’க்குப் போட்ட பாட்டை எடுத்திருந்தார். ‘நியூ’ (2004) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், ‘படகோட்டி’ பாட்டொன்றைத் தொட்டிருந்தார். ஆனால் 2007 தீபாவளிதான் கணக்கு. நவம்பர் 8 அன்று ஒரே நாளில் ‘அழகிய தமிழ் மகன்’, ‘பொல்லாதவன்’ இரண்டும் வந்தன. முதல் படத்தில் ‘சொர்க்கம்’ (1970) பாட்டு, இரண்டாவதில் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) பாட்டு. இரண்டும் எம்.எஸ்.வி.யின் மெட்டு. டிசம்பரில் ‘பில்லா’, அதுவும் எம்.எஸ்.வி. சிவகாசிப் பட்டாசு வெடித்த ஒரு தீபாவளிப் பருவத்தில் எழுபத்தொன்பது வயது இசையமைப்பாளர் ஒருவரின் மெட்டுகள் மூன்று படங்களில் ஒரே சமயத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

கடல் கடந்த நம்மவர்களை விட்டுவிடக் கூடாது. மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ என்ற ஆல்பம் போட்டார்கள். அதில் ‘நிழல்கள்’ (1980) படத்து இளையராஜா பாட்டு ஒன்று ராப் கலந்து வந்தது. பேருந்தில், ஆட்டோவில், கல்லூரி விடுதியில் எங்கும் அதுதான். ராஜாவின் மெட்டை முதன்முதலாக அந்த வடிவில் கேட்டு, பிறகு அசலைத் தேடிப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு நல்ல ரீமிக்ஸ் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

இனி இந்திப் பக்கம். எண்பதுகளில் டி-சீரிஸ் கேசட் விலையைக் குறைத்து ஊர் ஊராகப் பாட்டைக் கொண்டுபோன காலத்தில் ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று ஒன்று வந்தது. பழைய பாட்டின் மேல் ஒரு தாளத்தைக் கொட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். லாரிக்கும் டீக்கடைக்கும் ஏற்ற சரக்கு. நம் ஊர் ரிக்கார்டிங் கடைகளிலும் அது கிடைத்தது. டி.டி.கே. வெற்று கேசட் ஒன்றும் துண்டுச் சீட்டில் எழுதிய பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கிய நினைவு உங்களில் பலருக்கு இருக்கும்.

அசலான ரீமிக்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. பர்மிங்ஹாமில் வளர்ந்த பாலி சாகூ 1994-இல் ‘பாலிவுட் ஃப்ளாஷ்பேக்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். ‘யாதோன் கி பாராத்’ படத்தில் ஆர்.டி. பர்மன் இசையில் ஆஷா போஸ்லே பாடிய ‘சுரா லியா’வை அதில் மெதுவான, கனத்த பேஸோடு புதிதாகப் பாடவைத்திருந்தார். புலம்பெயர்ந்த வீடுகளில் பெற்றோரின் பாட்டும் பிள்ளைகளின் டிஸ்கோவும் முதல் முறையாக ஒரே ஸ்பீக்கரில் ஒலித்தன. அந்த ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதிதான் ஆர்.டி. பர்மன் காலமாகியிருந்தார். கடைசி ஆண்டுகளில் படங்கள் குறைந்து, தயாரிப்பாளர்கள் ஒதுங்கிப்போன நிலையில் போனவர். அவர் போன பிறகு உலகமே அவர் மெட்டுக்கு ஆடியது. 2002-இல் ‘காண்டா லகா’ ரீமிக்ஸ் வந்தபோது வீடியோவில் ஆடிய பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். அந்தப் பாட்டு 1972-இன் ‘சமாதி’ படத்துக்கு மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுதி, ஆர்.டி. பர்மன் இசையமைத்து, லதா மங்கேஷ்கர் பாடியது என்பதை எத்தனை பேர் பேசினார்கள்?

இங்கேதான் என் மனக்குறை ஆரம்பிக்கிறது.

அண்மையில் சிவகாசியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் கருப்புப் பெட்டி ஸ்பீக்கர்களுமாக ஒரு இளைஞர். ‘சுரா லியா’வின் ஏதோ ஒரு ரீமிக்ஸ் போட்டார். பிள்ளைகள் ஆடினார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், ஆப்செட் வருவதற்கு முன்னால் லித்தோ மிஷின் ஓட்டியவர், எழுந்து போய் அந்த இளைஞரிடம் கேட்டார்: “தம்பி, அந்த டம்ளர் சத்தம் எங்கப்பா?”

“எந்த டம்ளர் அண்ணாச்சி?”

பெரியவர் பக்கத்து மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துக் கரண்டியால் தட்டிக் காட்டினார். அசல் பாட்டு அந்த ஒலியில்தான் தொடங்கும். ஆர்.டி. பர்மன் இப்படிப்பட்ட சின்னச் சின்ன சத்தங்களின் ராஜா. ‘படோசன்’ (1968) பாட்டொன்றில் சீப்பைச் சொரசொரப்பான பரப்பில் தேய்த்து ஒலி எடுத்தார். ‘ஷோலே’ (1975) பாட்டில் காலி பாட்டிலின் வாயில் ஊதிய காற்று இசையானது. நேபாளத்து மாதல் மேளத்தை பம்பாய் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். ரீமிக்ஸ் போடுகிறவர் முதலில் வைப்பது நிமிடத்துக்கு நூற்றிருபதுக்குக் குறையாத ஒரே சீரான கிக் டிரம். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் கம்ப்யூட்டர் தாளம் கிடையாது. கைகளே தாளம் என்பதால் வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தாளமும் காத்திருக்கும். அதை இழுத்து நேராக்கி டிரம்ஸோடு ஒட்டும்போது முதலில் சாவது இந்தச் சின்னச் சத்தங்கள்தான். டம்ளர் போய்விடும், சீப்பு போய்விடும், மாதல் போய்விடும். மிஞ்சுவது ஒரு பல்லவியும் அதிர்வும்.

அந்த இளைஞர் நல்ல பிள்ளை. உடனே போனில் அசலைத் தேடி எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். அடுத்த சுற்றில் அசலின் முதல் சில நொடிகளை முன்னால் ஓடவிட்டு, அந்த டம்ளர் ஒலியின் மீது தம் டிரம்ஸை ஏற்றினார். முன்னதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. பெரியவர்களும் எழுந்து வந்தார்கள். அசலைக் காது கொடுத்துக் கேட்டவர் செய்யும் ரீமிக்ஸுக்கும், இணையத்தில் கிடைத்த துண்டை வெட்டி ஒட்டுகிறவரின் ரீமிக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று நேரில் பார்த்தேன்.

சிவகாசிக்காரர்களுக்கு இதை வேறொரு வழியிலும் சொல்லலாம். நம் அச்சகங்கள் நாடு முழுக்க அனுப்பிய சாமி காலண்டர்களில் கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்கள் எத்தனை! 1976-இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய லட்சுமியும் சரசுவதியும் முருகனும் புதுப் புது நிறத்தில், புதுப் புது பார்டரில் வந்துகொண்டே இருக்கிறார்கள். நிறத்தை மாற்றலாம், பார்டரை மாற்றலாம், ஜரிகைப் பொடி தூவலாம். ஆனால் ஓரத்தை வெட்டும்போது மூலையில் இருக்கும் கையெழுத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால், அது யார் வரைந்த முகம் என்று அடுத்த தலைமுறைக்கு எப்படித் தெரியும்? பாட்டிலும் அந்த மூலைக் கையெழுத்துதான் என் கவலை.

கையெழுத்துக்காக நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 2002-இல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய ‘அடிக்டிவ்’ அங்கே பெரிய ஹிட். அதற்குள் ஓடிய குரல் லதா மங்கேஷ்கருடையது, பாட்டு பப்பி லஹிரி ‘ஜோதி’ (1981) படத்துக்குப் போட்டது. யாரையும் கேட்கவில்லை, யார் பெயரும் போடவில்லை. வழக்குப் போட்டார்கள். பப்பி லஹிரியின் பெயரைப் போடாமல் அந்தத் தட்டை விற்கக் கூடாது என்று 2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் தடை விதித்தது. இதற்கு நேர்மாறாக, க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற அமெரிக்கத் தந்தி வாத்தியக் குழு 2005-இல் ஆர்.டி. பர்மனின் பாட்டுகளை மட்டும் எடுத்து, ஆஷா போஸ்லேயையே அழைத்துப் பாடவைத்து, முழு ஆல்பத்தையும் பர்மனுக்கே காணிக்கையாக்கியது. கிராமி விருதுப் பரிந்துரை வரை அது போனது. மனம் இருந்தால் மரியாதையோடு செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

நம் சட்டமும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, ஒரு பாட்டை வேறொருவர் மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டுமானால் முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டாவது கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் அதில் கைவைக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதற்கு மேல் மாற்ற வேண்டுமானால் உரிமையாளரைக் கேட்டே ஆக வேண்டும். படம் கொட்டகையை விட்டு வெளியே வந்து வேறு வழிகளில் சம்பாதிக்கும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அதை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. இளையராஜா அடுத்தடுத்து நோட்டீஸ் அனுப்பும்போது ‘இவருக்கு ஏன் இந்தக் கோபம்’ என்று கேட்கிறவர்கள் இந்தப் பின்னணியையும் பார்க்க வேண்டும். ‘குட் பேட் அக்லி’ படத்தில் அவருடைய பாட்டுகள் அனுமதியின்றிப் பயன்பட்டதாக அவர் தொடுத்த வழக்கில் 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. உரிமை தயாரிப்பாளருக்கா, இசைக் கம்பெனிக்கா, இசையமைப்பாளருக்கா என்பதை நீதிமன்றங்கள் தீர்க்கட்டும். ஒருவரின் உழைப்பை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது சட்டத்துக்கும் முந்திய பண்பாடு.

ரஹ்மானின் வருத்தத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பம்பாய்’ (1995) படத்துப் பாட்டு 2017-இல் ‘ஓகே ஜானு’வில் புது வடிவம் எடுத்தது. படத்துக்கு இசை அவரே என்பதால் பிரச்சினை எழவில்லை. 2020-இல் ‘டெல்லி 6’ பாட்டொன்றை வேறு ஆட்கள் ‘மசக்கலி 2.0’ என்று ஆக்கியபோது, ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை இசைக்கலைஞர்களின் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். அதிகம் பேசாத மனிதர் அப்படிப் பேசினால் அதில் வலி இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த திரும்பிவருதல், நம் ஊர்ச் சரக்கின் பெயரைத் தாங்கிய பாட்டு. வத்திக்குச்சிப் பாட்டு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1995-இல் ‘அசுரன்’ படத்தில் வந்து, ஒரு காலம் ஒலித்து ஓய்ந்திருந்தது. 2022-இல் ‘விக்ரம்’ படத்தில் லோகேஷ் கனகராஜ் அதை ஒரு சண்டைக் காட்சியில் ஓடவிட்டார். புது டிரம்ஸ் எதுவும் தேவைப்படவில்லை, அசலே போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் என்று எல்லா ஊர் விசேஷத்திலும் அதுதான் முதல் பாட்டு. தீப்பெட்டிக் குச்சி அடுக்கி வளர்ந்த கைகள் அதற்கு ஆடியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் பாட்டுக்கு இசையமைத்த ஆதித்யன் 2017 டிசம்பரிலேயே ஹைதராபாத்தில் காலமாகிவிட்டார். நவீன ஒலிகளை நேசித்தவர், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தியவர் என்று சிலருக்கு நினைவிருக்கலாம். ஐந்து ஆண்டு முன்னால் அந்தப் பாட்டு திரும்பியிருந்தால் அவர் அதைப் பார்த்திருப்பார்.

ஆகவே என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் ரீமிக்ஸுக்கு எதிரி அல்ல. பாட்டு ஆடுவதற்குத்தான். ‘ஆராதனா’ வந்தபோது இருபது வயது ஆனவர்களுக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அந்தப் பாட்டுகள் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் டிரம்ஸின் தோளில் ஏறிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் போகட்டும். இந்தி தெரியாமலே அந்தப் பாட்டுகளை நேசித்த ஊர் இது. ஆனால் பெயரில்லாமல் போக விட மாட்டோம்.

சவுண்ட் சர்வீஸ் தம்பிகளுக்கும் டி.ஜே. பிள்ளைகளுக்கும் இந்த இதழின் வழியாக ஒரு வேண்டுகோள். பழைய பாட்டை, அது இந்தியோ தமிழோ, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் ஆட்டமாக்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் மைக்கில் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: இன்ன ஆண்டு, இன்ன படம், இசை இன்னார், எழுதியவர் இன்னார், பாடியவர் இன்னார். பத்து நொடிகூட ஆகாது. ஆட்டம் அதனால் குறைந்துவிடாது. பென் டிரைவில் ‘ஓல்டு ஹிந்தி மிக்ஸ் 14’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதிலேயே அந்த நான்கு பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட்டம் கலையும் நேரத்தில் அசலை ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். அப்போது மண்டபத்தில் மிஞ்சியிருப்பவர்கள் உங்களை மனதார வாழ்த்துவார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த பழைய நோட்டு இருக்கும். தாத்தாவுடையதோ அம்மாவுடையதோ, பரணில் தேடிப் பாருங்கள். கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகம், கேசட் அட்டையின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதிய பட்டியல், எதுவானாலும் சரி. அதைப் படம் எடுத்து, யார் எழுதியது, எந்த வருஷம், எந்தக் கொட்டகையில் அந்தப் படம் பார்த்தார்கள் என்று நான்கு வரி சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை எழுதியவர் பெயரோடு தீபாவளி மலரில் வெளியிடுகிறோம். ஆடி கழிவதற்குள் கிடைக்குமாறு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்